துண்டு போட்ட அலை

அலைச்சறுக்கு என்ற கலை தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை, அலைக்காகக் காத்திராத ஒரே மனிதன் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். பன்னிரண்டு வயதில் சான் டியாகோ கடலில் இறங்கியவன், இருபது வயதுவரை கண்ணில் பட்ட முதல் அலையில்தான் ஏறினேன். இது நல்ல அலையா, சுமாரான அலையா, பின்னால் இதைவிட நல்லது வருகிறதா என்றெல்லாம் விசாரித்தது கிடையாது. பந்தியில் உட்கார்ந்த பிறகு சமையல்காரர் யார் என்று கேட்பதில்லை அல்லவா, அதுபோல. இந்தக் கொள்கைக்காக ஒரு விலா எலும்பையும் முன்பல்லில் கால் பாகத்தையும் கொடுத்திருக்கிறேன். கொள்கையில் மட்டும் கீறல் விழவில்லை.

என் பெயர் அன்செல்மோ மட்ரூகா. பாயின்ட் லோமாவில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சூரை மீன் பிடித்தது. கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளை எங்கள் வீட்டில் இரண்டு விதமாகத்தான் புரிந்துகொள்வார்கள். ஒன்று, வலை கிழிந்தவன். இல்லையென்றால், பெண்டாட்டி விட்டுப் போனவன்.

ஆகவே முட்டைக்காரர்களை எனக்குப் புரியாமல் போனதில் ஆச்சரியமில்லை.

முட்டைக்காரர்கள் என்றால் முட்டை வடிவப் பலகையில் சறுக்குகிறவர்கள். மூக்கும் வாலும் உருண்டை, நடுவில் அகலம், ஏழரை அடி நீளம். கரையோர மேட்டிலிருந்து பார்த்தால் யாரோ பெரிய அவித்த முட்டையை நீளவாக்கில் வெட்டிக் கடலில் மிதக்கவிட்டது போல இருக்கும். என் பலகை ஐந்தே முக்கால் அடி, கூர்மூக்கு, கத்தி. கத்திக்குச் செங்குத்தாக எழும் அலை வேண்டும். அந்த அலையில் முட்டை மூக்கைக் குத்திக்கொண்டு கவிழும். அதற்குத் தேவை சாய்ந்து வரும் அலை. மார்பு உயரத்துக்கு மிகாமல், அவசரப்படாமல், ஒரு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துகொண்டே போகும் அலை. அப்படிப்பட்டது எங்கள் பக்கத்தில் ஒழுங்காக வருவது ஒரே இடத்தில். அந்த இடத்துக்குப் பெயர் சோஃபா. எப்போதோ யாரோ மேட்டிலிருந்து தள்ளிவிட்ட ஒரு சோஃபா ஆறு மாதம் அங்கே பாறைமேல் கிடந்ததாம். சோஃபாவைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதில் உட்காரும் மனோபாவத்தை மட்டும் விட்டுவைத்துவிட்டது.

காலை ஆறரைக்கு மேட்டின் மேலே வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனால் பார்க்கலாம். வேனின் பின்கதவைத் திறந்துபோட்டு, ஃபிளாஸ்க்கில் காபியோடு உட்கார்ந்து கடலைப் பார்ப்பார்கள். முக்கால் மணி நேரம் பார்ப்பார்கள். சில நாள் பார்த்துவிட்டு அப்படியே வேலைக்குப் போய்விடுவார்கள், முகத்தில் முழுத் திருப்தியோடு. இறங்கினாலும் கதை அதேதான். பெரிய அலைகள் தனியாக வருவதில்லை. நான்கைந்து சேர்ந்து ஒன்றன்பின் ஒன்றாக வரும், பிறகு பத்து நிமிடம் கடல் படுத்துக்கொள்ளும். அந்தக் கும்பலுக்கு செட் என்று பெயர். செட்டின் முதல் அலையை முட்டைக்காரன் தொடமாட்டான். தெரிந்தவர் காரில் போவதைப் பார்த்ததுபோலத் தலையை ஆட்டி அனுப்பிவைப்பான். இரண்டாவதையும் பெரும்பாலும் விட்டுவிடுவான்.

அவர்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. மற்ற இடங்களில் ஒருவன் எழுந்து நின்ற அலையில் இன்னொருவன் ஏறினால் அடிதடி. சோஃபாவில், அலை நீளமாக ஒரே பக்கம் ஓடும் நாளில், அலை உடையத் தொடங்கும் உச்சிக்கு அருகில் இருப்பவர் பக்கத்து ஆளைப் பார்த்து "கூட வா!" என்று கூப்பிடுவார். இருவரும் ஒரே அலையில் போவார்கள். கூப்பிட்டவர் பின்னால், உச்சியை ஒட்டி. வந்தவர் முன்னால், இன்னும் உடையாத அலையின் தோளில். இதைக் கேட்டு வாங்க முடியாது. கூப்பிட்டால் உண்டு.

இதையெல்லாம் கல்லூரிப் பத்திரிகையில் எழுதினேன். ஒரு செவ்வாய்க்கிழமை மேட்டில் உட்கார்ந்து ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரை எண்ணி, விட்ட அலை நாற்பத்தொன்று, ஏறியது ஆறு என்று அட்டவணை போட்டேன். லைல் என்ற குளிர்பெட்டி மெக்கானிக்குக்குத் தனிப் பத்தி ஒதுக்கினேன். லைல் எந்த அலையில் ஏறினாலும் பின்னால், உச்சியை ஒட்டியே நிற்பார். முன்னால் தோள் முழுக்கக் காலியாக ஓடும். அது அவர் மனைவியின் இடம். மனைவி நான்கு வருடத்துக்கு முன் அரிசோனாவுக்கு, அதாவது கடலே இல்லாத ஊருக்கு, போய்விட்டார். "வராத ஆளுக்காக பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருக்கும் மனிதரைப் பார்த்திருப்பீர்கள். கடலில் பார்க்க விரும்பினால் சோஃபாவுக்கு வாருங்கள்" என்று முடித்திருந்தேன். கல்லூரியில் நன்றாகவே சிரித்தார்கள்.

அடுத்த வாரம் அந்த வண்டி நிறுத்துமிடத்தில் என் வண்டி தண்ணீர் தீர்ந்து புகைய ஆரம்பித்தது விதி என்று சிலர் சொல்லலாம். ரேடியேட்டர் என்று நான் சொல்வேன். மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றபோது, எதிரே லைலின் வேன் கதவின் உட்புறத்தில் என் கட்டுரை டேப் போட்டு ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். வேனின் விளிம்பில், ரப்பர் உடையை இடுப்புவரை உரித்துவிட்டு, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரு பெண் காகிதப் பையிலிருந்து குட்டிக் குட்டி ரொட்டிகளை எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் கொய்யாக்காய்ப் பச்சையில் ஒரு முட்டை சாய்ந்திருந்தது.

"நீதானே அந்த மட்ரூகா?" என்றாள்.

"ஆமா."

"நாப்பத்தொண்ணுன்னு போட்டிருக்க. தப்பு. நாப்பத்து நாலு."

"நான் உக்காந்து எண்ணினேன்."

"நடுவுல எந்திரிச்சு டோனட் வாங்கப் போன. நாங்க பாத்துட்டுதான் இருந்தோம். அப்ப மூணு போச்சு. அதுல ஒண்ணு ரொம்ப நல்ல அலை."

"நல்ல அலைன்னா ஏன் விட்டீங்க?"

"நீ வந்து எண்ணுவேன்னுதான்."

வேனுக்குள் காபி ஊற்றிக்கொண்டிருந்த லைல் தலையை நீட்டினார். மனிதர் கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்தேன். கோபத்துக்கு ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

"தம்பி, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க லைல்."

"துண்டுன்னு எழுதிருக்கியே. என்ன கலரு?"

கதவில் ஒட்டியிருந்த என் கட்டுரையை நான் திரும்பிப் பார்த்தேன்.

"அடுத்த தடவை கலரையும் போட்டுரு. படிக்கறவங்களுக்குக் கண்ணுல தெரியணும்ல?" என்று சொல்லிவிட்டு, ஒரு கேன் தண்ணீரை எடுத்துவந்து என் ரேடியேட்டரில் ஊற்றினார். அந்தப் பெண் சிரிக்காமல் எனக்கு ஒரு ரொட்டியை நீட்டினாள்.

அவள் பெயர் லிகாயா டும்லாவ். அப்பா கப்பற்படையில் இயந்திரம் பார்த்தவர் என்பதால் பதினெட்டு வயதுக்குள் ஐந்து துறைமுகங்களில் வளர்ந்தவள். எங்கள் கல்லூரியில்தான் மீன்களைப் பற்றிப் படித்து ஜூனில் முடித்திருந்தாள். வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு, வரும்வரை காலையில் கடல், மதியத்துக்கு மேல் ஒரு மருந்துக்கடை. எதைச் சொன்னாலும் எடை போட்டுச் சொல்வாள். "நல்லா இருக்கு" என்று அவள் சொல்லிக் கேட்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதுவும் என்னைப் பற்றி அல்ல, ஒரு கூழைக்கடாவைப் பற்றி.

அன்றிலிருந்து நான் தினமும் சோஃபாவுக்குப் போனேன். ஆய்வுக்காக.

கத்தியோடுதான் போனேன். அந்தச் சாய்ந்த, சோம்பேறி அலையில் கத்தி நகரவே இல்லை. நான் எழுந்து நிற்பேன், அலை என்னைத் தாண்டிப் போய்விடும், நான் நின்ற வாக்கிலேயே மெதுவாக மூழ்குவேன். லிகாயா தன் பச்சை முட்டையில் வலப்பக்கமாக என்னைக் கடந்துபோகும்போது, "கப்பல் முழுகினா கேப்டனும் கூடவே போவாராமே, அதுவா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். அவள் எழுந்து நிற்பது தெரியாது. படுத்திருப்பாள், பிறகு நின்றிருப்பாள். கால் மாற்றி மாற்றி மூக்குப் பக்கம் இரண்டடி நடப்பாள், திரும்பி இரண்டடி வருவாள். அலமாரியில் எதையோ தேடுகிறவள் போல. மேட்டிலிருந்து இறங்கும் படிக்கட்டின் அடியில் இருக்கும் பாறைவரை அலை அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஓயும்.

நவம்பர் முதல் வாரத்தில், வீட்டைக் காலி செய்த ஒருவர் வாசலில் போட்டிருந்த பழைய முட்டை ஒன்றை வாங்கினேன். வெயிலில் பழுத்து மஞ்சள் நிறமாகியிருந்தது. வாலில் யாரோ ஒட்டுப் போட்டிருந்தார்கள். படுக்கை விரிப்பால் சுற்றி, பின்வாசல் வழியாக அறைக்குக் கொண்டுவந்தேன். அறைத்தோழன் பிராடி சீரியல் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

"யார்றா செத்தது?"

"இஸ்திரிப் பலகை."

"நம்மகிட்ட இஸ்திரிப் பெட்டியே இல்லயேடா."

"வாங்கணும்."

பிராடி விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான். என் கட்டுரைக்கு அதிகம் சிரித்தவன் அவன்தான்.

"அவ பேரு என்ன?" என்றான்.

முட்டையில் எனக்கு மூழ்கும் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் இன்னொன்று தொடங்கியது. நவம்பரில் அலைகள் மேற்கிலிருந்து நேராக வரும். சோஃபாவின் பாறைமேல் ஏறியதும் கூரைபோல நடுவில் எழும்பி, இரண்டு பக்கமும் உடையும். வலப்பக்கம் படிக்கட்டை நோக்கி, இடப்பக்கம் கடல்பாசி அடர்ந்து மிதக்கும் பாசிக்காட்டை நோக்கி. லிகாயா வலது. அவள் அருகில் உட்கார்ந்திருக்கும் எனக்கு மிச்சம் இருப்பது இடது. ஒரே உச்சியில் ஒன்றாக எழுந்து நிற்போம், அடுத்த நொடி முதுகைக் காட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போவோம். பிறகு பத்து நிமிடம் கையால் துழாவித் திரும்பி வந்து அதே இடத்தில் சந்திப்போம். காலையில் எட்டு அலை என்றால் எட்டுத் தடவை விடைபெற்றோம்.

நடுவில் கடல் படுத்திருக்கும் நேரத்தில் பேசுவோம். அந்த நேரத்துக்காகவே அலைகள் மெதுவாக வந்தால் தேவலை என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"பாசிக்காட்டோட வெளி ஓரத்த பாரு," என்பாள். "மூச்சு இழுக்கற மாதிரி தூக்கும். அப்ப செட் வருதுன்னு அர்த்தம்."

"தூக்கினா?"

"தூக்கினா உக்காந்திரு."

"எந்திரிக்கறதுக்குத்தானே பலகை?"

"உனக்குப் பலகை. எனக்கு நாற்காலி."

நவம்பர் கடைசியில் வரும் நன்றி சொல்லும் நாள் விடுமுறைக்கு முந்தின திங்கட்கிழமை, அவள் தண்ணீருக்குள் வந்ததும் வராததுமாகச் சொன்னாள்: "வேலை கெடச்சிருச்சு." அலாஸ்காவில், டட்ச் ஹார்பரில். மீன்பிடிக் கப்பலில் ஏறி, வலையில் வந்ததை எண்ணி, எடை போட்டு, அரசாங்கத்துக்கு எழுத வேண்டும். இரண்டு வருட ஒப்பந்தம். டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை விமானம்.

"எண்ணற வேலையா? எங்கிட்ட கேட்டிருந்தா நான் சிபாரிசு பண்ணிருப்பேனே."

"உன் சிபாரிசா? டோனட் வாங்கப் போற ஆளு."

இருவரும் சிரித்தோம். ஒரு செட் வந்து எங்களுக்குக் கீழாகவே போய்விட்டது. நாங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை. எட்டு வருடத்தில் நான் முதல்முறையாக விட்ட அலைகள் அவை. ஆனால் கவனிக்காமல் விட்டது கணக்கில் வராது.

எனக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் என்னைப் பார்த்து "கூட வா" என்று கூப்பிட வேண்டும். நாங்கள் ஒரே பக்கமாகப் போக வேண்டும். கல்லூரிப் பத்திரிகையில் எழுதக்கூடிய ஆசை அல்ல. அதனால் நேராகவே கேட்டேன்.

"ஒரு தடவகூட நீ என்னைக் கூப்பிடல."

"கேட்டு வாங்கக் கூடாது."

"கேக்கல. தகவலுக்காகச் சொல்றேன்."

அவள் பலகையின் மூக்கில் ஒட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டினாள். "எல்லா அலையும் ரெண்டாப் பிரியுதுடா. கூட வான்னு கூப்டுட்டு நீ அந்தப் பக்கம் நான் இந்தப் பக்கம் போறதா? தென்மேற்குலேர்ந்து ஒரு செட் வரட்டும். வலப்பக்கம் மட்டும்தான் ஓடும், படிக்கட்டுவரைக்கும். அதுல மூணாவது. அப்ப கூப்பிடறேன்."

"டிசம்பர்ல தென்மேற்கு வருமா?"

"வரும். வராமலும் இருக்கும்."

அன்று முதல் என் ஓய்வு நேரத்தைப் பசிபிக் பெருங்கடலின் வானிலை வரைபடத்துக்குக் கொடுத்தேன். நியூசிலாந்துக்குக் கீழே எங்கேயாவது ஒரு புயல் உருவாக வேண்டும்; உருவானால் அதன் அலைகள் எங்கள் கரைக்கு வர ஒரு வாரம் ஆகும். பொருளாதார வகுப்பில், நூலகத்தில், பல் தேய்க்கும்போது என்று பார்த்தேன். இது காத்திருப்பது அல்ல. வரைபடம் படிப்பது. தவம் கிடந்தவர்கள் யாரும் வரைபடம் பார்த்ததாகத் தெரியவில்லை.

டிசம்பர் முதல் தேதி ஒரு புயல் உருவானது. சிவப்பாக, விரல்நகம் அளவு. கணக்குப் போட்டேன். அலை வெள்ளிக்கிழமை காலை வந்துசேரும். அவள் விமானம் சனிக்கிழமை காலை.

வெள்ளிக்கிழமை ஆறரைக்கு நான் போனபோது லைல் வேன் விளிம்பில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று பாலைவனத்துப் பக்கமிருந்து மெல்ல வீசியது. கடல் துடைத்துவைத்த கண்ணாடி.

"வந்திருச்சா லைல்?"

"வந்திருச்சு. வலப்பக்கம் மட்டும். இந்த மாசத்துல நான் பாத்து ஆறு வருசம் ஆச்சு." கோப்பையை ஆட்டி மிச்சக் காபியை வெளியே ஊற்றினார். "ஒம்பது மணிக்குக் காத்து திரும்பிரும். அதுக்குள்ள முடிச்சுக்க, தம்பி." எதை என்று அவர் சொல்லவில்லை.

லிகாயாவும் வந்ததும் மூன்று பேரும் கடலுக்குள் போய் உட்கார்ந்தோம். அவள் எனக்கு மூன்று பலகை தூரத்தில், கொஞ்சம் ஆழத்துப் பக்கமாக. பெட்டி கட்டிவிட்டாயா என்று கேட்டேன். அம்மா அடைத்துக்கொடுத்த உலர்ந்த மாம்பழம் மட்டும் நான்கு கிலோ என்றாள். சின்னச் சின்ன அலைகள் வந்தன. விட்டாள். நானும் விட்டேன். என் கை கால் எல்லாம் அரித்தது.

எட்டேகாலுக்குப் பாசிக்காட்டின் வெளி ஓரம் தூக்கியது.

முதல் அலை வந்தது. அதைப் பற்றி இப்போதும் நான் குறை சொல்லமாட்டேன். வழுவழுவென்று, மார்பு உயரத்துக்கு, வலப்பக்கம் தோளைப் படிக்கட்டுவரை நீட்டிக்கொண்டு வந்தது. அதன் உச்சி நேராக என்னிடம்தான் வந்தது. அவளிடம் அல்ல, என்னிடம்.

"விடு," என்றாள் லிகாயா.

எனக்கு அந்த நொடியில் ஒரு யோசனை வந்தது. யோசனைகள் எனக்கு எப்போதும் முதல் அலையில்தான் வரும். உச்சியருகில் இருப்பவர்தானே கூப்பிட வேண்டும்? இன்றைக்கு உச்சியருகில் இருப்பது நான். அவள் கூப்பிடும்வரை நான் எதற்கு உட்கார்ந்திருக்க வேண்டும்? நானே கூப்பிட்டால் என்ன?

"கூட வா!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே துழாவி, எழுந்து, வலப்பக்கம் திரும்பினேன்.

முறைப்படி உச்சியை ஒட்டிப் பின்னால் நின்றேன். முன்னால் தோள் நீளமாக, அழகாக, காலியாக ஓடியது. ஐந்து நொடி ஓடியது. பிறகு பாறை முடிந்து ஆழம் வரும் இடத்தில் அலைக்கு உயிர் போய்விட்டது. முதல் அலைக்கு எப்போதும் அப்படித்தான் என்று பிற்பாடு லைல் சொன்னார். அதற்கு முன்னால் வேறு அலை போகாததால், தாங்கிக்கொண்டுபோகத் தண்ணீர் போதாதாம். நான் நின்ற வாக்கில் மெதுவாக மூழ்கினேன். திரும்பிப் பார்த்தபோது இரண்டாவது அலை என் தலைமேல் உடைந்தது.

நுரைக்குள்ளிருந்து மேலே வந்து இருமினேன். கண்ணைத் துடைத்தேன். அப்போது மூன்றாவது அலையைப் பார்த்தேன்.

அது முதல் அலையைவிடப் பெரியது. அதைவிட மெதுவாக வந்தது. வலப்பக்கம் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு தையல் பிரிவதுபோல உடைந்துகொண்டு வந்தது. லிகாயா அதில் நின்றிருந்தாள். பின்னால், உச்சியை ஒட்டி. முன்னால் தோள் முழுக்கக் காலி. நான் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தைப் பார்த்து வாயைத் திறந்து ஏதோ கத்தினாள். நுரைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அவள் அன்று மூக்குப் பக்கம் நடக்கவே இல்லை. முன்னே இருந்த இடத்தைத் தொடாமல், படிக்கட்டுவரை அப்படியே போனாள்.

பிறகு கடல் படுத்துக்கொண்டது. நாற்பது நிமிடம் உட்கார்ந்தோம். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்பு காற்று திரும்பியது. கண்ணாடி சுருங்கியது. லைல் கரைக்குப் போனார்.

வண்டி நிறுத்துமிடத்தில் அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ கூப்பிட்டது கேட்டுச்சு," என்றாள்.

"வந்திருக்கலாமே."

"மொத அலைடா அது."

"நல்லாத்தான் இருந்துச்சு."

"இருந்துச்சு. பின்னாடி இருக்கறத மறைச்சுக்கிட்டு வரும், அதுதான் அதோட பிரச்சினை."

"மூணாவதுல என்ன கத்துன?"

"ஒண்ணுமில்ல. பழக்க தோஷம்." துண்டைப் பிழிந்தாள். பிழிந்த துண்டையே மறுபடி பிழிந்தாள்.

"அந்தப் பச்சைய வேணா நான் பாத்துக்கறேன்."

"அய்யே. நீ மொத அலைல ஏத்தி பாறைல சொருகிருவ. எங்கப்பா கராஜ்ல இருக்கட்டும்." காகிதப் பையை நீட்டினாள். இரண்டு ரொட்டி இருந்தது. ஆளுக்கொன்று தின்றோம். பிறகு அவள் அப்பாவின் வண்டியில் பலகையை ஏற்றிக் கட்டினாள். நான் ஒரு பக்கத்துக் கயிற்றை இழுத்துப் பிடித்தேன். நன்றாக இறுக்கித்தான் கட்டினேன்.

டட்ச் ஹார்பரிலிருந்து எப்போதாவது செய்தி வரும். சாம்பல் கடல், சாம்பல் வானம், நடுவில் ஆரஞ்சு உடையில் யாரோ. "இங்க அலை பெருசு. யாரும் ஏறறதில்ல. எல்லாரும் வாந்திதான்." ஒரு தடவை, "சோஃபா எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தாள். நாலு பத்தி எழுதினேன். அழித்தேன். "இருக்கு" என்று அனுப்பினேன்.

ஏப்ரலில் தென்மேற்கு அலைகள் வர ஆரம்பித்தன. டிசம்பரில் ஒரே ஒரு காலை வந்த அதே அலை, இப்போது வாரத்தில் நான்கு நாள், கேட்பாரில்லாமல் வருகிறது. வலப்பக்கம் மட்டும். படிக்கட்டுவரைக்கும்.

நேற்றுக் காலை எங்கள் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் கத்திகளோடு சோஃபாவுக்கு வந்திருந்தார்கள். பாசிக்காட்டின் ஓரம் தூக்கியது. முதல் அலை நேராக என்னிடம் வந்தது.

"டேய் மட்ரூகா, போகலயா? சூப்பர் அலைடா!" என்று ஒருவன் கத்தினான். நான் அசையவில்லை என்று கண்டதும் அவனே ஏறிக்கொண்டான். தலையை ஆட்டி அனுப்பினேன். இரண்டாவதில் மற்றவன் போனான்.

மூன்றாவதில் நான் எழுந்தேன். பின்னால், உச்சியை ஒட்டி நின்றுகொண்டேன். முன்னால் தோள் காலியாக ஓடியது. மஞ்சள் முட்டையில் இரண்டடி முன்னே நடந்தால் இன்னும் வேகமாகப் போயிருக்கலாம். நடக்கவில்லை. படிக்கட்டுப் பாறைவரை அப்படியே போய், இறங்கி, துழாவித் திரும்பி வந்தேன்.

லைல் தன் பலகைமேல் உட்கார்ந்து பாசிக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அருகில் போய் உட்கார்ந்தேன்.

"என்ன கலரு, தம்பி?" என்றார், திரும்பாமல்.

"பச்சை," என்றேன்.

"ம்."

அடுத்த செட் வரப் பதினோரு நிமிடம் ஆயிற்று. முதல் அலையை விட்டேன்.